ஒரே கப்பலுக்குத் திரும்பத் திரும்ப: துலாம்பென் லிபர்ட்டி முக்குளிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சிற்றூர் துலாம்பென். அதன் கறுப்புக் கல் கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் நீந்தினால் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் உடைந்து கிடக்கிறது. முதன்முறை வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு டைவ் முடித்துவிட்டு, "பார்த்தாயிற்று" என்று கிளம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் அந்த ஒரே கப்பலுக்காக ஒரு வாரம் தங்குகிறார்கள், அடுத்த ஆண்டும் வருகிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது. அப்படி வரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும். ஸ்கூபா அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள் என்று எண்ணியே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒரே இடத்தை இத்தனை முறை பார்க்க என்ன இருக்கிறது?

முதல் டைவில் கண்ணில் படுவது கப்பல் மட்டும்தான். எவ்வளவு பெரிது, எங்கே உடைந்திருக்கிறது, கைடு எந்தப் பக்கம் போகிறார் என்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். மூன்றாவது, நான்காவது டைவில் வழி மனதில் படிந்த பிறகுதான் மீன்களின் நடமாட்டம் தெரியத் தொடங்கும். எந்த இடுக்கில் எந்த அஞ்சாளை இருக்கிறது, பாரைக் கூட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சுற்றுகிறது, எந்தக் கடல்விசிறி சென்ற ஆண்டை விடச் சிறுத்திருக்கிறது என்பதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பிட வேண்டுமென்றால் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

வெறுமனே திரும்பி வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு டைவுக்கும் ஒரே ஒரு கேள்வியோடு இறங்குங்கள். "இன்று மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் மீன்கள் எங்கெங்கே நிலைகொண்டிருக்கின்றன?", "12 மீட்டருக்கு மேல் உள்ள கல்பவளங்களில் எத்தனை வெளுத்திருக்கின்றன?" என்ற அளவில் சிறிய கேள்விகள் போதும். கேள்வி இல்லாத பத்து டைவை விடக் கேள்வியோடு இறங்கும் மூன்று டைவ் அதிகம் கற்றுத்தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கப்பல் இங்கே எப்படி வந்தது?

1918-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பல் இது. நீளம் ஏறக்குறைய 125 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பலாக ஓடியது. 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 இதைத் தாக்கியது. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் சிங்கராஜா துறைமுகத்தை நோக்கி இதை இழுத்துவந்தன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டதால், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் சரிந்து கடலுக்குள் இறங்கியது.

டைவருக்கு இந்தக் கதையால் பயன் உண்டு. கப்பல் ஆழ்கடலில் மூழ்கவில்லை, கரைச் சரிவில் உருண்டு இறங்கியது. அதனால்தான் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் உச்சி சுமார் 5 மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. ஒரே டைவில் ஆழத்தில் தொடங்கி, கப்பலை விட்டு விலகாமலேயே மேலே வரும் முன் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தின் 5 மீட்டர் வரை ஏறிவர முடிகிற இடங்கள் அரிது.

எந்த நேரத்தில் இறங்குவது நல்லது?

தெற்குப் பாலியிலிருந்து வேனில் வரும் ஒருநாள் பயணிகள் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு வந்து சேர்கிறார்கள். பிற்பகல் இரண்டு மணி வரை நெரிசல்தான். துலாம்பெனிலேயே தங்குவதன் முதல் பலன், அந்த நேரத்தில் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம் என்பதே.

விடியலில், ஆறு மணிக்கே தண்ணீரில் இருங்கள். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் கப்பலின் ஓரங்களில் ஒதுங்கித் தூங்கும். வெளிச்சம் ஏறியதும் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய மீன் இது. பவளத்தை அலகால் கடித்து நொறுக்கித் தின்று மணலாகக் கழிக்கும். வளர்ந்த மீன் ஒன்று ஆண்டுக்கு 5 டன் அளவுக்குப் பவளப் பாறையை அரைத்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கூட்டத்தின் குறுக்கே நீந்தாதீர்கள். கப்பலை ஒட்டி, அவற்றின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நில்லுங்கள். குறுக்கே போனால் கூட்டம் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும், பின்னால் வரும் எவருக்கும் கிடைக்காது.

பிற்பகல் மூன்றரைக்கு மேல் சாய்வெளிச்சம். கப்பலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களைப் படம் எடுக்க ஏற்ற நேரம். இரவு டைவுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்குக் கீழே ஒளிரும் உறுப்பு கொண்ட சிறு மீன்கள் இருண்ட இடுக்குகளிலிருந்து அப்போதுதான் வெளியே வரும். அந்த ஒளி, உறுப்புக்குள் வாழும் பாக்டீரியாக்களுடையது. மீன் அதை இமை போல மூடித் திறந்து மின்னவைக்கும். டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தால் தெரியும், வெளிச்சம் அடித்தால் மறைந்துவிடும்.

எந்த மாதங்கள்?

செப்டம்பர் முதல் நவம்பர் வரை நீர்த் தெளிவு நன்றாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஓடைகள் சாம்பல் மண்ணைக் கடலில் சேர்க்கும், கரையில் அலையும் கூடும். ஜூலை, ஆகஸ்ட்டில் தண்ணீர் சற்றுக் குளிரும். 3 மி.மீ. உடை போட்டுப் பழகியவர்களும் ஒரு நாளில் மூன்றாவது டைவுக்கு 5 மி.மீ. கேட்பார்கள். இரண்டு வெவ்வேறு பருவங்களில் வந்து பார்ப்பது, ஒரே பருவத்தில் இரண்டு முறை வருவதை விட மேல்.

கரையிலிருந்து இறங்கும்போது விழுந்துவிடுகிறார்களே, ஏன்?

இங்கே மணல் கரை கிடையாது. கைப்பிடி அளவிலிருந்து தலை அளவு வரையான உருண்டைக் கற்கள் அலையோடு புரண்டுகொண்டிருக்கும். முதுகில் 20 கிலோவுக்கு மேல் சுமையோடு நடக்கும்போது கணுக்கால் திரும்புவது இங்கே நடக்கும் காயங்களில் மிகச் சாதாரணமானது. மெல்லிய காலுறையும் முழுக்கால் துடுப்பும் இங்கே உதவாது. கெட்டியான அடிப்பகுதி கொண்ட பூட்ஸும், பின்பட்டை வைத்த துடுப்பும் வேண்டும்.

நீர்விளிம்பில் நின்று ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் நான்கைந்து சேர்ந்து வரும், பிறகு ஓர் இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் இறங்க வேண்டும். அதற்கு முன்பே பிசிடி-யில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்று நிரப்பி, மாஸ்க் மாட்டி, மூச்சு விடும் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்திருக்க வேண்டும். துடுப்புகள் கையில் இருக்கட்டும். துணைவரின் தோளையோ கையையோ பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி நகருங்கள். நெஞ்சளவு நீர் வந்ததும் மிதந்தபடி துடுப்பு மாட்டுங்கள். அலை உடையும் கோட்டில் நின்று மாட்டுபவர்கள்தான் விழுகிறார்கள்.

வெளியேறும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ரெகுலேட்டரை மட்டும் கடைசி வரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் போராட வேண்டாம். தவழ்ந்தே மேலே வாருங்கள்.

கரையில் சிலிண்டரும் பிசிடியும் சுமந்து செல்பவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். தலையில் வைத்து அந்தக் கற்கள் மேல் நடப்பார்கள். "நானே தூக்குகிறேன்" என்று பெருந்தன்மை காட்ட வேண்டாம். அது அவர்களுக்குக் கிடைக்கும் நாள்கூலி, உங்கள் கணுக்காலுக்கும் நல்லது.

கைடு இல்லாமல் வழி கண்டுபிடிப்பது எப்படி? திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறதே?

திசைகாட்டியில் கோளாறு இல்லை, அருகில் இருக்கும் இரும்பில்தான். கப்பலை ஒட்டி நிற்கும்போது முள் விலகும், எவ்வளவு விலகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். டிஜிட்டல் திசைகாட்டிக்கும் இதே கதி. கப்பலைவிட்டு நாலைந்து மீட்டர் தள்ளி மணலுக்கு வந்து, முள் நிலைத்த பிறகு திசை எடுங்கள்.

இங்கே திசைகாட்டியைவிடச் சரிவு நம்பகமானது. மணல் ஏறும் பக்கம் கரை, ஏறக்குறைய தென்மேற்கு. இறங்கும் பக்கம் ஆழ்கடல், வடகிழக்கு. மணலில் உள்ள அலை வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும். தெளிவு மோசமாகிக் கப்பலைத் தொலைத்துவிட்டால், மணலைப் பார்த்து மேட்டுப்பக்கம் நீந்துங்கள். கரை தவறாது.

வழியை மனப்பாடம் செய்ய ஒரு முறை இருக்கிறது. முதல் இரண்டு டைவ் கைடோடு போங்கள். ஈரத்தில் எழுதும் பலகையில் கப்பலை ஒரு நீள்செவ்வகமாக வரைந்துகொள்ளுங்கள். முன்முனை, பின்முனை, பீரங்கி, பெரிய உடைப்பு, நீங்கள் உள்ளே வந்த இடம் என்று ஐந்து அடையாளங்கள் மட்டும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆழத்தை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் குறித்தால் நீருக்கடியில் நினைவுக்கு வராது. மீன் இருந்த இடத்தை அடையாளமாக வைக்காதீர்கள், மீன் நகர்ந்துவிடும். மூன்றாவது டைவில் நீங்கள் முன்னே போங்கள், கைடு பின்னால் வரட்டும். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அவர் கை காட்டாமலேயே போய்ச் சேர்ந்தால் வழி பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

தூரத்தைத் துடுப்படி எண்ணிக்கையில் அளப்பது எப்படி?

மணலில் 30 மீட்டர் கயிற்றை விரித்து, இயல்பான வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்துங்கள். ஒரே கால் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணுங்கள். திரும்பி வரும்போதும் எண்ணி, இரண்டின் சராசரியை எடுங்கள். போகும்போது 22, வரும்போது 26 என்றால் சராசரி 24, அதாவது ஓர் அடிக்கு 1.25 மீட்டர். இரண்டு எண்ணும் பெரிதும் வேறுபட்டால் நீரோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கேமரா மாட்டியதும் இந்த எண் மாறும், துடுப்பை மாற்றினாலும் மாறும். மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

லாக்புக்கில் என்ன எழுத வேண்டும்?

"அருமையான டைவ், நிறைய மீன்" என்ற வரியால் அடுத்த ஆண்டு எந்தப் பயனும் இருக்காது. ஒரு மாதிரிப் பதிவு ('பார்' என்பது சிலிண்டரின் காற்றழுத்த அளவு, 'அலையிழுப்பு' என்பது அலை நீருக்கடியில் முன்னும் பின்னும் இழுப்பது):

"காலை 6.10. நிலவு: தேய்பிறை, நான்காம் நாள். அதிகபட்சம் 22 மீ, சராசரி 13 மீ, 54 நிமிடம். 200 பாரில் தொடக்கம், 65-இல் முடிவு. அடியில் 27 டிகிரி. தெளிவு: பின்முனையிலிருந்து பெரிய உடைப்பு தெரிந்தது. அலையிழுப்பு 6 மீ வரை. கேள்வி: கிளிமீன் கூட்டம் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது? பதில்: 6.25-க்கு, ஆழப் பக்கம். பாரை: நிறைய. பெரிய சீலா: 1. எடை: 5 கிலோ, கடைசியில் சற்றுக் குறைவாகத் தோன்றியது."

தெளிவை மீட்டரில் ஊகிப்பதைவிட, எங்கிருந்து எது தெரிந்தது என்று எழுதுவது மேல். கப்பல் நகராது, அதனால் அந்த அளவை எப்போதும் ஒப்பிடலாம். மீன் எண்ணிக்கைக்குத் தன்னார்வக் கணக்கெடுப்புகளில் வழக்கிலிருக்கும் நான்கு படிகள் போதும்: ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, 100-க்கு மேல். காணாததையும் எழுதுங்கள். "தேடினேன், இல்லை" என்ற குறிப்புதான் சில ஆண்டுகள் கழித்து விலைமதிப்பு பெறும். அதை எழுதாவிட்டால், அது அப்போது இல்லையா, நீங்கள்தான் தேடவில்லையா என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு வாரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிகிற ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கடல்சாமந்தியில் வாழும் கோமாளி மீனின் முட்டைகளைத் தொடர்ந்து பாருங்கள். கடல்சாமந்தியின் அடிப்பகுதியை ஒட்டிய இரும்பிலோ பாறையிலோ, பாசி நீக்கிய ஒரு சிறு பரப்பில் முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். முதல் ஓரிரு நாட்கள் பளிச்சென்ற ஆரஞ்சு. நடுவில் நிறம் மங்கி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரும்புள்ளியாக இரண்டு கண்கள் தெரியும். கடைசி நாட்களில் அந்தக் கண்கள் வெள்ளி போல மின்னும். வெதுவெதுப்பான நீரில் இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொரிப்பது இருட்டிய பிறகு. மறுநாள் காலை அந்தப் பரப்பு வெறுமையாகக் கிடக்கும்.

முட்டைகளை வாயால் துடைத்து, செட்டையால் விசிறிக்கொண்டிருப்பது ஆண். கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அந்தப் பெண் இறந்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறும், அடுத்த பெரிய மீன் அதன் இடத்துக்கு வரும். ஆகவே ஒரு கடல்சாமந்தியைத் தேர்ந்தெடுத்து, எத்தனை மீன், எது பெரிது என்று ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைத்தால், ஒரு குடும்பத்தின் வரலாறே கையில் இருக்கும். மீன் உங்கள் மாஸ்க்கை முட்ட வந்தால் மிக அருகில் போய்விட்டீர்கள். ஒரு மீட்டர் பின்வாங்குங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்படி படம் எடுப்பது எப்படி?

அழகான படமும் ஒப்பிடும் படமும் வெவ்வேறு வேலைகள், ஒரே டைவில் இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டுமே கெடும். ஒப்பிடுவதற்கு நான்கு ஐந்து இடங்களை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஆழம், எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது, எவ்வளவு தூரத்திலிருந்து எடுப்பது ஆகிய மூன்றையும் எழுதிவைத்து அப்படியே பின்பற்றுங்கள். சென்ற ஆண்டின் படத்தை அச்சிட்டு லேமினேட் செய்து கையோடு கொண்டுபோனால் கோணம் தவறாது. 10 செ.மீ. கோடிட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பொருளின் அருகில் பிடித்து எடுங்கள், மேலே வைக்காதீர்கள். அளவுகோல் இல்லாத படத்தில் வளர்ச்சியை அளக்க முடியாது. அடையாளத்துக்காக ஆணி அடிப்பது, பட்டை கட்டுவது, பெயிண்ட் இடுவது எதுவும் கூடாது.

கடல்விசிறியில் ஒட்டியிருக்கும் இரண்டு செ.மீ.கூட இல்லாத குள்ளக் கடல்குதிரை, நெடுங்காலம் அதே விசிறியிலேயே வாழும். ஓடிப்போக அதற்கு இடமில்லை. ஒருவருக்கு ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம். அதைத் திருப்பிக் காட்டுவதற்காக விசிறியைக் குச்சியால் தொடும் கைடோடு போகாதீர்கள்.

காற்று எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? 50 பார் போதாதா?

ஆழத்தைப் பொறுத்தது. வழக்கமான 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரோடு 25 மீட்டரில் இருக்கிறீர்கள், துணைவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், இருவருக்கும் சேர்த்து 40. நிலைமையைச் சரிசெய்ய 25 மீட்டரில் ஒரு நிமிடம், அங்கே அழுத்தம் மேற்பரப்பைப் போல 3.5 மடங்கு: 40 × 3.5 = 140. அங்கிருந்து 5 மீட்டருக்கு ஏற 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5: 300. பாதுகாப்பு நிறுத்தம் 3 நிமிடம்: 40 × 1.5 × 3 = 180. கடைசி ஏற்றத்துக்கு 50. மொத்தம் 670 லிட்டர், அதாவது 60 பார். ஆக, கப்பலின் ஆழப் பக்கத்தில் 60-ஐத் தொடும் முன்பே மேலேறத் தொடங்கியிருக்க வேண்டும். 12 மீட்டரில் இதே கணக்கு 35 பாருக்கு வரும், அங்கே 50 போதும்.

ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதில் இங்கே ஒரு வசதி உண்டு. உங்கள் சராசரி ஆழமும் செலவும் லாக்புக்கில் இருப்பதால், நிமிடத்துக்கு எத்தனை பார் குறையும் என்று முன்பே சொல்ல முடியும். கணித்த எண்ணும் அளவியும் 20 பாருக்கு மேல் விலகினால், கசிவோ நீரோட்டமோ பதற்றமோ ஏதோ ஒன்று இருக்கிறது.

கடைசியில், 5 மீட்டரில் மேலே தூக்கிக்கொண்டு போகிறதே?

எடை குறைவு. காற்று தீரத் தீர அலுமினிய சிலிண்டர் இலகுவாகி, டைவின் முடிவில் உங்களை மேலே இழுக்கத் தொடங்கும். நிரம்பிய சிலிண்டரோடு எடை சோதித்தால் இது தெரியாது. 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடி-யைக் காலியாக்கிவிட்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு கிலோ கூட்டுங்கள். கப்பலின் உச்சி அலையிழுப்பு உள்ள பகுதி என்பதால், எடை குறைந்தவர்கள் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே உடைந்து கிடக்கும் பவளக் கிளைகளில் நிறைய அப்படி உடைந்தவையே.

ஒரு நாளைக்கு எத்தனை டைவ்? நைட்ராக்ஸ் தேவையா?

தொடர்ந்து ஒரு வாரம் என்றால் நாளுக்கு மூன்று போதும். நடுவில் ஒரு நாள், குறைந்தது அரை நாள், ஓய்வு கொடுங்கள். ஆழமான டைவ் முதலில் வரட்டும். டைவ்களுக்கு இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கரை டைவ் என்பதால் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: படம் எடுக்க 20 மீட்டர், பிறகு 8 மீட்டர், மறுபடி 18 என்று ஏறி இறங்குவது. கம்ப்யூட்டர் அனுமதித்தாலும் உடம்புக்கு அது நல்லதல்ல. ஆழத்தில் தொடங்கி ஒரே போக்கில் மேலே வாருங்கள்.

32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) இந்தக் கப்பலுக்கு நன்றாகப் பொருந்தும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு 1.4 பார் என்ற வரம்பில் அதன் ஆழ எல்லை 33 மீட்டர், கப்பலின் அடியோ 30-ஐ ஒட்டி. பொழுதுபோக்கு டைவ் அட்டவணையில் காற்றோடு 24 மீட்டரில் தங்கக்கூடிய நேரம் 29 நிமிடம் என்றால், 32 சதவீதத்தில் அது 45 நிமிடத்தை ஒட்டி வரும். இதற்குத் தனிப் பயிற்சியும், ஒவ்வொரு சிலிண்டரையும் உங்கள் கையாலேயே அளந்து பார்ப்பதும் கட்டாயம்.

நான்காம் நாள் காது வலிக்கிறது.

காதுமடலை இழுத்தால் வலி கூடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் வெளிக்காதின் அழற்சி, ஈரம் காயாமல் தங்குவதால் வருவது. டைவை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வராமல் தடுக்க, ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவித் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள். பஞ்சுக்குச்சி வேண்டாம். இறங்கும்போது அடைத்து வலித்தால் அது நடுக்காதின் அழுத்தச் சிக்கல். வலி வரும்வரை காத்திராமல், முதல் மீட்டரிலிருந்தே அடிக்கடி காதைச் சமன்செய்யுங்கள்.

பழகிய இடம் என்பதால் ஆபத்து குறைவுதானே?

வழி தவறும் ஆபத்து குறைகிறது. வேறொன்று கூடுகிறது: தெரிந்த இடம்தானே என்று சோதனைகளைத் தவிர்ப்பது. சிலிண்டர் வால்வை முழுதாகத் திறக்காமல் இறங்குவது, துணைவரின் எடைக் கொக்கியைப் பார்க்காமல் விடுவது, பகல்தானே என்று டார்ச்சையும், கரைதானே என்று மேற்பரப்பு மிதவையையும் அறையிலேயே வைத்துவிட்டு வருவது. கரை நாற்பது மீட்டரில் இருந்தாலும், அலை கூடிய நாளில் கூட்டத்துக்கு நடுவே மேலே வருபவருக்கு மிதவை தேவை.

சோதனையைச் சுருக்க வேண்டாம். வாயில் ரெகுலேட்டரை வைத்து, அழுத்த அளவியைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை இழுத்து மூச்சு விடுங்கள். முள் அசைந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பத்து விநாடி வேலை. தினமும் அதே துணைவரோடு போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஒருவர் செய்திருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொள்வது அங்கேதான் நடக்கிறது.

கப்பலுக்குள் போகலாமா?

பெரிதாகத் திறந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெளிவாகத் தெரியும் இடங்களில் கைடோடு கடந்து போகலாம். வெளிச்சம் தெரியாத எதற்குள்ளும் வேண்டாம். உப்புநீரில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கும் இரும்பு இது. தகடுகள் மெலிந்து சரிகின்றன, சென்ற முறை திறந்திருந்த வழி இந்த முறை இருக்கும் என்ற உறுதி இல்லை. பழைய நினைவை நம்பி நுழையாதீர்கள். வெளிவிடும் குமிழிகள் கூரையில் தேங்கி இரும்பை இன்னும் வேகமாக அரிக்கின்றன, அங்கு ஒட்டி வாழும் உயிர்களையும் கொல்கின்றன.

டைவ் முடித்துவிட்டு மறுநாள் மலையேறலாமா? விமானம்?

பலர் கவனிக்காமல் விடுவது இது. டைவர்கள் எச்சரிக்கை வலையமைப்பான டான், பல டைவ்களுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது, ஒரே ஒரு டைவ் என்றால் 12. 600 மீட்டருக்கு மேல் ஏறும் மலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாத்தூர் மலையின் உயரம் 1,717 மீட்டர். அங்கே சூரிய உதயம் பார்க்க நள்ளிரவில் கிளம்புகிறார்கள், அதாவது மாலை டைவ் முடிந்து எட்டு மணி நேரம்கூட ஆகாமல்.

சாலையையும் பாருங்கள். துலாம்பெனிலிருந்து உபுத்துக்குக் கிந்தாமணி வழியாகப் போனால் சாலை சுமார் 1,500 மீட்டருக்கு ஏறி இறங்கும். டைவ் முடித்த நாளில் அம்லாபுரா, சண்டிதாசா வழியாகக் கடலோரமாகப் போகச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூட்டு வலி, தோலில் திட்டு, மரத்துப்போதல், இயல்புக்கு மாறான களைப்பு இருந்தால் "நாளை பார்க்கலாம்" என்று படுக்காதீர்கள். டைவ் சென்டரிலிருந்து நூறு சதவீத ஆக்சிஜன் வாங்கிச் சுவாசித்தபடி, டான் போன்ற அமைப்பின் அவசர எண்ணை அழையுங்கள். அழுத்தநீக்க நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை டென்பசாரில்தான் இருக்கிறது, காரில் இரண்டரை மூன்று மணி நேரம். அறை எடுக்கும் முன்பே டைவ் சென்டரிடம் கேளுங்கள்: ஆக்சிஜன் இருக்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு வரும்? பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அகுங் எரிமலை?

2017-இல் அது விழித்தபோது துலாம்பெனும் வெளியேற்றப் பகுதிக்குள் வந்தது, விமான நிலையமும் சில நாள் மூடப்பட்டது. இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் நான்கு எச்சரிக்கை நிலைகளை அறிவிக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும் முன்னும் கிளம்பும் முன்னும் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

பவளம் வெளுப்பதை நாமே பதிவு செய்ய முடியுமா?

முடியும், ஒரே இடத்துக்குத் திரும்பி வருபவர்கள்தான் இதை நன்றாகச் செய்ய முடியும். வழக்கமான வெப்பமான மாதத்தின் சராசரியை விட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தாலே பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறத் தொடங்கும், நிறம் போகும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடப்பதாக அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் நிற அட்டை இதற்கு எளிய கருவி. அட்டையில் நான்கு வண்ண வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை படிகள். 1 வெளிறியது, 6 அடர்ந்தது. பவளத்தின் மிக வெளிறிய பகுதிக்கு ஓர் எண், மிக அடர்ந்த பகுதிக்கு ஓர் எண். கிளைகளின் நுனி இயல்பாகவே வெளிறியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஒரு டைவில் இருபது பவளங்களாவது எடுங்கள். ஆழத்தில் சிவப்பு நிறம் மறைந்துவிடுவதால் அட்டையையும் பவளத்தையும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முதல் வருகையின் எண் ஒப்பிடுவதற்கான அடிப்படையாக அமையும். அடுத்தடுத்த வருகைகளில் எண் 1, 2-ஐ நோக்கி இறங்கினால் நீங்கள் வெளுப்பைப் பார்க்கிறீர்கள். உயிருள்ள வெளுத்த பவளம் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கும். இறந்ததன் மேல் சில வாரங்களில் பச்சையும் பழுப்புமாகப் பாசி படரும். இரண்டையும் பிரித்து எழுதுங்கள். வெளுத்தது மீளலாம், பாசி படர்ந்தது மீளாது.

கப்பலைத் தவிர வேறு இடமும் பார்க்க வேண்டாமா?

நடந்து போகும் தூரத்திலேயே பவளத் தோட்டமும், பெருஞ்சுவர் போன்ற செங்குத்துச் சரிவும் இருக்கின்றன. நெரிசல் நேரத்தில் அங்கே இறங்குங்கள். ஆனால் மூன்றையும் ஒரே வருகையில் பதிவு செய்ய முயன்றால் எதிலும் ஒப்பிடத்தக்க குறிப்பு சேராது. முதல் ஆண்டு கப்பலின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு வாரத்துக்கு வேலை தரும்.